ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு புள்ளி

பட்டன் வைத்த பழைய செல்போன் ஒன்று வீட்டில் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும். இருந்தால் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, எண்களின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். நட்ட நடுவில், 5 என்ற எண்ணின் மேல் மட்டும் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் அநேகமாக இருக்கும். வருடக்கணக்கில் அந்த போனை வைத்திருந்தவர்களில் பலர் இதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் வாசலில் ஊதுபத்தி விற்கும் ஒரு பார்வையற்றவருக்கு அந்த மேடுதான் எல்லாமே. அது கிடைத்துவிட்டால் அதற்கு மேலே 2, கீழே 8, இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 6. யாரையும் கேட்காமல் ராஜபாளையத்தில் இருக்கும் மகளுக்கு போன் போட்டுவிடலாம்.

ஒரு நாள் அந்தப் புள்ளி காணாமல் போனது. கூடவே மற்ற பட்டன்களும் போயின. வழவழவென்று ஒரு கண்ணாடித் திரை வந்தது. கைக்கு எட்டியிருந்த போன் பார்வையற்றவர்களின் கையை விட்டு எப்படி நழுவியது, எப்படித் திரும்ப வந்தது, வந்த பிறகும் ஏன் அரைகுறையாகவே இருக்கிறது... இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எவ்வளவு பின்னால் என்றால், 1890-க்கு!

அந்த வருடம்தான் பாளையங்கோட்டையில் அஸ்க்வித் என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மையார் பார்வையற்றவர்களுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரஸில் வந்தது 1887-ல். மூன்றே வருட இடைவெளி. அப்போது ராஜபாளையத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா முழுவதும் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அங்கே போனது. 1985-ல் காமராஜர் மாவட்டம், பிறகு விருதுநகர் மாவட்டம். ஆக, இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பார்வையற்றோர் பள்ளி சொந்த ஜில்லாவிலேயே கிடைத்துவிட்டது. போய்ச் சேரும் தூரம் என்பது வேறு விஷயம்!

பள்ளிக்கூடம் என்றால் எழுத்து வேண்டும். விரலால் படிக்கும் எழுத்தை உண்டாக்கியவர் லூயி பிரெயில் என்பது எல்லோருக்கும் தெரியும். 1809-ல் பிரான்சில் பிறந்து, மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்திப் பார்வையை இழந்தவர். பதினைந்து வயதுக்குள் ஆறு புள்ளி முறையை உருவாக்கி, 1829-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் படித்த பள்ளியே உடனே அதை ஏற்கவில்லை. பிரான்ஸ் அரசு அதிகாரப்பூர்வமாக ஏற்றது 1854-ல். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து.

இந்தியாவுக்கு வந்தபோது இன்னொரு குழப்பம் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு விதமாகப் புள்ளி வைத்தார்கள். ஓர் ஊர்ப் பள்ளியில் படித்தவருக்கு இன்னோர் ஊரில் அச்சான புத்தகம் புரியாது. 1951-ல்தான் பாரதி பிரெயில் என்ற பொது முறை வந்தது. தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் ஒரே புள்ளிகள். அச்சில் 'கொ' என்று எழுத ஒரு கொம்பை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் போடுகிறோம் அல்லவா? பிரெயிலில் அந்தச் சுற்று வழி கிடையாது. 'க' போட்டு அடுத்து 'ஒ' போட்டால் முடிந்தது. நம் எழுத்தை விட ஒழுங்கான எழுத்து என்றே சொல்லலாம்.

ஆனால் பிரெயில் புத்தகம் யானை மாதிரி. கையடக்கமான ஒரு நாவல் பிரெயிலில் பல பாகங்களாகிவிடும். அதைவிட முக்கியமாக, பள்ளிக்குப் போனவர்களுக்குத்தான் அது பயன்படும். சர்க்கரை நோயாலோ கண் நீர் அழுத்தத்தாலோ ஐம்பது வயதுக்கு மேல் பார்வை போனவர்கள் புள்ளி எழுத்துப் படிக்கப் போவது அபூர்வம். அவர்களுக்கு ஊரே சத்தங்களால் ஆனது. மில் சங்கு நேரம் சொல்லும். பஸ் நிலையத்தில் கண்டக்டர் "ராஜபாளையம், ராஜபாளையம்" என்று கத்துவதே போர்டு. வானொலிதான் பேப்பர். இந்த வரிசையில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது டெலிபோன். காதும் வாயும் மட்டும் போதும் என்ற ஒரே நவீன இயந்திரம் அது. வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பார்வையற்றவர்கள் டெலிபோன் ஆபரேட்டர்களாக வேலை பார்த்தது இதனால்தான்.

1990-களின் எஸ்.டி.டி. பூத்துகள் ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, இரவு ஆனால் கட்டணம் குறைவு என்று வரிசையில் நிற்கும் கூட்டம். பூத் ஒதுக்கீட்டில் உடல் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். (மாற்றுத் திறனாளிகள் என்ற சொல் பிறகு வந்தது.) பார்வையற்றவர்கள் பலர் தமிழ்நாடு முழுக்க பூத் நடத்திப் பிழைத்தார்கள். மீட்டரில் விழும் தொகையைப் படிக்க மட்டும் வாடிக்கையாளரின் நேர்மையை நம்ப வேண்டும். ஒரு ரூபாய் காசு போடும் பெட்டி என்றால் அந்தக் கவலையும் இல்லை. ஆக, தொலைபேசி அவர்களுக்கு உறவோடு பேசும் கருவி மட்டும் அல்ல, சோறும் போட்டது.

செல்போன் வந்தது, பூத்துகள் மூடின. வருமானம் போனதோடு நிற்கவில்லை. செல்போன் என்பது பேசும் கருவியாக மட்டும் இல்லையே! அதில் சின்னத் திரை இருந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று பெயர் வரும். எஸ்.எம்.எஸ். வரும். ரீசார்ஜ் அட்டையைச் சுரண்டினால் பெரிய எண் ஒன்று வரும். 5-ன் மேல் இருந்த புள்ளியால் எண்ணை அழுத்தலாமே தவிர, திரையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. டெலிபோனின் 100 வருடக் கதையில் முதல் முறையாகப் பார்வை தேவைப்படும் டெலிபோன் வந்திருந்தது. இதை அப்போது யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. எல்லோரும் ரிங்டோனில் மும்முரமாக இருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் இந்தச் சிக்கலுக்கு ஏற்கெனவே பதில் இருந்தது. திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் மென்பொருள், அதாவது திரை வாசிப்பான். பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் தொடங்கிய நிறுவனம் 1989-ல் 'ஜாஸ்' என்ற திரை வாசிப்பானை வெளியிட்டது. அதே வேலையை செல்போனில் செய்ய, 2000-க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து 'டாக்ஸ்', ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து 'மொபைல் ஸ்பீக்' என்று இரண்டு மென்பொருள்கள் வந்தன. நோக்கியாவின் சிம்பியன் போன்களில் இவை ஓடும். மெனு, பெயர், எஸ்.எம்.எஸ். எல்லாம் காதில் விழும். போன் மறுபடி முழுதாகக் கையில் வந்தது.

யார் கையில் என்பதுதான் கேள்வி. போனுக்குத் தனி விலை, அதைப் பேச வைக்கப் பல ஆயிரம் ரூபாய் தனியாக! கண் தெரிகிறவர் போன் வாங்கினால் திரை இலவசம். கண் தெரியாதவர் வாங்கினால் அதே திரையைக் கேட்கத் தனிக் காசு. போதாக்குறைக்குப் பேச்செல்லாம் ஆங்கிலம். 2006-ல் நோக்கியா தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரிலேயே வந்து, 2014-ல் மூடும் வரை அங்கே போன்கள் குவிந்தன. தமிழ்நாட்டில் செய்த போன் தமிழில் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் கண்ணாடி வந்தது. 2007-ல் ஆப்பிள் ஐபோனை வெளியிட்டது. உலகமே வாயைப் பிளந்து பார்த்த அந்தப் போனில், தொட்டு உணர ஒரு எண் கூட இல்லை. தடவினால் எங்கும் ஒரே வழவழப்பு. தெரியாமல் தொட்டால் ஏதோ திறக்கும், யாருக்கோ கால் போகும். 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போனும் வந்தபோது, இத்தோடு செல்போன் நமக்கு முடிந்தது என்று பார்வையற்றவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது.

பதில் சொன்னவர்களில் ஒருவர் டி.வி.ராமன். புனேயில் வளர்ந்தவர். 14 வயதில் கண் நீர் அழுத்த நோயால் முழுப் பார்வையும் போனது. பிறகு மும்பை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம். கணிதச் சமன்பாடுகளை ஒலியாக மாற்றும் முறைக்காக 1994-ல் டாக்டர் பட்டம். 2005-ல் கூகுளில் சேர்ந்தார். அங்கே சார்லஸ் சென் என்பவருடன் சேர்ந்து தொடுதிரை பிரச்சினையை எடுத்துக்கொண்டார்.

ராமன் கண்டுபிடித்த டயலரின் யோசனை அத்தனை எளிமை. கண்ணாடியில் 5 எங்கே இருக்கிறது என்று பார்வையற்றவர் தேட வேண்டியதில்லை. அவர் முதலில் விரலை எங்கே வைக்கிறாரோ அதுதான் 5! அங்கிருந்து மேலே இழுத்தால் 2, கீழே இழுத்தால் 8, இடது மேல் மூலைக்கு இழுத்தால் 1. தப்பாகிவிட்டால் போனை ஒரு குலுக்கு. கடைசி எண் அழிந்துவிடும். பிளாஸ்டிக்கில் இருந்த புள்ளி விரல் நுனிக்கு இடம் மாறிவிட்டது. பார்வை உள்ள ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து யோசித்திருந்தால், 5-ஐப் பெரிதாகக் காட்டலாமா, கலர் மாற்றலாமா என்றுதான் யோசித்திருப்பார்.

2009 முக்கியமான வருடம். ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ் போனுடன் 'வாய்ஸ்ஓவர்' என்ற திரை வாசிப்பான் உள்ளேயே வந்தது. தனிக் காசு இல்லை. ஒரு முறை தொட்டால் என்ன இருக்கிறது என்று சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். தெரியாமல் தொட்டுவிடும் பயம் இந்த ஒரே ஏற்பாட்டில் போய்விட்டது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்' வந்தது. ஆனால் முதலில் அதற்கு உருட்டும் பந்தோ அம்புக்குறி பட்டனோ உள்ள போன் வேண்டும். விரலால் திரையைத் தடவித் தெரிந்துகொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 4.0-ல், 2011-ல்தான் சேர்ந்தது. பணக்கார போனில் 2009, சாதாரண போனில் 2011-க்குப் பிறகு. அதுவும் ராஜபாளையம் பஜாரில் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்கு நல்ல ஆண்ட்ராய்டு போன் கிடைக்க இன்னும் சில வருடங்கள் ஆயின.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் போன் செய்கிறவர்கள் கையிலிருந்து விஷயம் அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் கைக்குப் போனது.

திரை வாசிப்பானுக்குக் கண் கிடையாது. அப்ளிகேஷன் தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறதோ அதைத்தான் அது படிக்கும். "பணம் அனுப்பு" என்று எழுத்தில் இருந்தால் "பணம் அனுப்பு, பட்டன்" என்று சொல்லும். அதே இடத்தில் அழகாக ஒரு அம்புக்குறிப் படத்தை மட்டும் வைத்து, அதற்குப் பெயர் எழுதாமல் விட்டால்? "பட்டன்" என்று மட்டும் சொல்லும். அடுத்த படம்? "பட்டன்." அதற்கடுத்தது? அதுவும் "பட்டன்." எது பணம் அனுப்பும், எது கணக்கை மூடும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்! ஆண்ட்ராய்டில் ஒரு படத்துக்கு இப்படிப் பெயர் வைப்பதற்கு 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்' என்ற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் இன்ஜினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பிராஜக்ட்டுக்கு ஆண்ட்ராய்டு அப்ளிகேஷன் செய்யும் எவருக்கும் அந்த வரியை எழுத அரை நிமிடம் ஆகும். எழுதாமல் போவது கெட்ட எண்ணத்தால் அல்ல. சோதித்துப் பார்ப்பவருக்குக் கண் தெரிகிறது, அவ்வளவுதான்.

முழுப் பார்வையும் போனவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பெரிய கூட்டம் ஒன்று விட்டுப்போகும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம். இவர்களில் கொஞ்சம் பார்வை மிச்சம் உள்ளவர்களும் உண்டு. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால் தென் மாவட்டங்களில் கண்புரை வந்த எத்தனையோ பேருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது. கண் நீர் அழுத்தத்தில் போன பார்வை அப்படித் திரும்பாது. அவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். பல அப்ளிகேஷன்களில் எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும். சாம்பல் நிறத்தின் மேல் இளஞ்சாம்பல் எழுத்து வேறு. டிசைனருக்கு அழகு, பெரியவருக்கு வெறும் மூட்டம்.

அடுத்தது தமிழ். போன் பேசுகிறது, சரி, எந்த மொழியில்? 2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் ஒன்றாக இல்லை. டிஸ்கி, டாப், டாம் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. இவற்றில் எழுதியது கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்குப் பொருளற்ற ஆங்கிலக் குறிகள். திரை வாசிப்பான் அந்தக் குறிகளைத்தான் படிக்கும். பிரெயிலில் 1951-க்கு முன் இருந்த அதே குழப்பம், ஐம்பது வருடம் கழித்து மறுபடியும்! யூனிகோடு பரவியதும் இது மெல்லச் சரியானது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

பிறகு குரல். ஜானதன் டடிங்டன் என்பவர் இலவசமாகக் கொடுத்த 'ஈஸ்பீக்' மென்பொருளில் தமிழும் உண்டு. ரோபோ ஒன்று மூக்கடைப்போடு தமிழ் பேசுவது போல இருக்கும். ஆனாலும் பேசியது! ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்கு இன்னும் இயல்பான குரல்களை உருவாக்கின. கூகுளும் ஆப்பிளும் பின்னர் தங்கள் போன்களில் தமிழ்க் குரலைச் சேர்த்தன. குரல் வந்ததும் அடுத்த முட்டுக்கட்டை: தகவலே படமாக வருகிறது. குடிதண்ணீர் எந்த நாள் வரும் என்ற அறிவிப்பைக் காகிதத்தில் அடித்து, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். திரை வாசிப்பானுக்கு அது வெறும் "படம்".

இதெல்லாம் வெறும் வசதிக் குறைவு என்று நினைத்தால், காசு விஷயத்துக்கு வருவோம். 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாமல் போய், புது நோட்டுகள் வேறு அளவில் வந்தன. பல வருடம் விரலால் நீளம் பார்த்துப் பழகிய கணக்கு ஒரே இரவில் தப்பாகிவிட்டது. நீதிமன்றம் வரை போன இந்த விவகாரத்துக்குப் பிறகு, 2020 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி 'மணி' என்ற இலவச அப்ளிகேஷனை வெளியிட்டது. நோட்டை கேமரா முன்னால் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். இணையம் வேண்டாம். கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

அதற்குள் காசே நோட்டிலிருந்து போனுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளில் கால் கிலோ வாங்கினாலும் கட்டத்தை ஸ்கேன் செய்கிறார்கள். பார்வையற்ற வாடிக்கையாளருக்கு அந்த அட்டை எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. கடைக்காரர் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். அதுவாவது பரவாயில்லை. பணம் அனுப்பும் பக்கத்தில் ஒரு பட்டனுக்குப் பெயர் இல்லாவிட்டால், போனையும் ரகசிய எண்ணையும் சேர்த்து இன்னொருவரிடம் கொடுத்தாக வேண்டும். வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாதவர்கள் நம் ஊரில் உண்டு. பார்வையற்றவர் மட்டும் பக்கத்தில் நிற்பவருக்கெல்லாம் சொல்ல வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பார்வையற்ற வியாபாரிக்கு நல்லது செய்தது அவரை நினைத்துச் செய்யாத ஒரு பெட்டி. பணம் வந்ததும் எத்தனை ரூபாய் என்று தமிழில் உரக்கச் சொல்கிறதே, அந்த ஸ்பீக்கர் பெட்டிதான். கடைக்காரர் வேலையாக இருக்கும்போது திரையைப் பார்க்க முடியாது என்பதற்காக வந்தது அது. எஸ்.டி.டி. பூத் காலத்தில் மீட்டரைப் படிக்க வாடிக்கையாளரை நம்பிய பிரச்சினை கடைசியில் இப்படித் தீர்ந்தது.

2021-ல் உயிர் விஷயமே சிக்கியது. கொரோனா தடுப்பூசிக்கு 'கோவின்' மூலம் பதிவு செய்ய வேண்டும். அதில் நெளிந்த எழுத்தைப் பார்த்துத் திரும்ப அடிக்கச் சொல்லும் கேப்ட்சாவுக்கு ஒலி வடிவம் இல்லை. எத்தனை ஊசி காலியாக இருக்கிறது என்று தெரியும், எந்தத் தேதிக்கு என்று தெரியாது. 2021 மே 31 அன்று உச்ச நீதிமன்றம் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகத் தன் உத்தரவில் பட்டியலிட்டது. ஒரு பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்பது நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போகும் என்று 2009-ல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சட்டம் ஏற்கெனவே இருந்தது. 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணுச் சேவைகளும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. நடந்ததோ மெதுவாக. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கும் 'பிராக்டோ' அப்ளிகேஷனைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி மாற்றச் சொல்லி மாற்றுத் திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் உத்தரவிட்டது 2022-ல். சட்டத்தின் விதிகள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பர் 8 அன்று.

கடைசியாக ஒரு கண் சிமிட்டல். போனிலேயே வங்கிக் கணக்கு தொடங்க, எதிரில் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று சரிபார்க்கக் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்வார்கள். ஆசிட் வீச்சில் முகம் பாதிக்கப்பட்டவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? முகம் கட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்வையற்றவருக்கு எப்படித் தெரியும்? ஆசிட் வீச்சிலிருந்து மீண்ட பிரக்யா பிரசூனும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளைப் போட்டது.

தீர்ப்பு டெல்லியில் வந்துவிட்டது. அது ஒவ்வொரு அப்ளிகேஷனிலும் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்த பிறகும் ஒரு தொல்லை உண்டு: அப்டேட். போன மாதம் வரை ஒழுங்காகப் பெயர் சொன்ன பட்டன், புது டிசைன் வந்த மறுநாள் மறுபடி வெறும் "பட்டன்" ஆகிவிடும். அப்படி ஆகும் நாட்களுக்காகவே ஸ்மார்ட்போனோடு ஒரு பட்டன் போனையும் சட்டைப் பையில் வைத்திருக்கும் பார்வையற்றவர்கள் இருக்கிறார்கள். இணையம் இல்லாத சாதாரண போனிலிருந்து பேசியே பணம் அனுப்பும் யு.பி.ஐ. 123பே வசதியை 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்தது. எண்ணைக் கூப்பிட்டு, சொல்வதைக் கேட்டு, பட்டனை அழுத்தினால் போதும். அந்தப் போனில் 5-ன் மேல் புள்ளி இருக்கிறது.